பன்னிரண்டு கம்பங்கள்... பாம்பு போல ஓடும் நாய்!



நாய் வேலி தாண்டிக் குதிக்கும். வீசிய பந்தைக் கவ்வி வரும். இதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். ஆனால், வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு இடையே, பாம்பு போல வளைந்து வளைந்து, ஒரு இடைவெளியைக்கூட விடாமல் ஒரு நாய் ஓடுமா? ஓடும்! எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்ப்போமா?

இங்கிலாந்தில் 'கிரஃப்ட்ஸ்' என்ற பெரிய நாய்க் கண்காட்சி நடக்கிறது. 1978ல் லண்டனில் அது நடந்தபோது, இடைவேளையில் மக்களுக்கு வேடிக்கை காட்ட ஒரு புது விளையாட்டை நடத்தினர். குதிரைகள் தடை தாண்டி ஓடுமே, அதே போல நாய்களை ஓட விட்டனர். மக்கள் கைதட்டி மகிழ்ந்தனர். 1980ல் அதற்கு முறையான விதிகள் வந்தன. 'அஜிலிடி' என்ற அந்த விளையாட்டு, இன்று பல நாடுகளில் நடக்கிறது.

தாண்டும் தடை, குழாய் போன்ற சுரங்கம், ஏறி இறங்கும் பலகை எனப் பல தடைகள் அதில் உண்டு. எல்லாவற்றிலும் கற்பிக்கக் கடினமானது கம்ப வரிசைதான். ஏன் தெரியுமா? சுரங்கத்தைப் பார்த்தால், 'உள்ளே போ' என்று அதுவே சொல்வது போலிருக்கும். கம்பங்கள் அப்படி எதுவும் சொல்லாதே! பக்கத்தில் நேரான பாதை இருக்கும்போது, நாய் எதற்காக வளைந்து ஓட வேண்டும்?

கம்பங்களுக்கு இடையே 60 செ.மீ. தூரம் இருக்கும். முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் வருமாறு நுழைய வேண்டும். வலது பக்கம் வந்தால் தவறு. பிறகு, வலமும் இடமுமாக 11 இடைவெளிகளையும் கடக்க வேண்டும். உடன் ஓடுபவர் குரல் கொடுக்கலாம், கை காட்டலாம், நாயைத் தொடக்கூடாது. கையில் பந்தோ பிஸ்கட்டோ வைத்திருக்கவும் கூடாது.

கழுத்தில் கயிறு கட்டி, இப்படியும் அப்படியும் இழுத்துப் பழக்கினால் என்ன என்று கேட்பீர்கள். அப்படிப் பழகும் நாய், கயிற்றைத்தான் கவனிக்கும், கம்பத்தைக் கவனிக்காது. போட்டியில் கயிறு கிடையாது. அப்போது திகைத்து நின்று விடும்.

அதனால், நல்ல பயிற்சியாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். ஒரு முறையில், இரண்டே கம்பங்களை நடுவார்கள். நாய் தானாக அவற்றின் நடுவே புகுந்ததும், அது ஓடும் திசையில், முன்னால் பந்தை வீசுவார்கள். 'ஓ, இதன் வழியே போனால் பந்து கிடைக்கும்!' என்று நாய் கண்டுகொள்ளும். பிறகு இன்னொரு ஜோடி, அப்புறம் மற்றொன்று. இப்படி ஆறு ஜோடி சேர்ந்தால் 12 ஆகிவிடும்!

இன்னொரு முறையில், கம்பங்களை இரண்டு வரிசையாகப் பிரித்து, நடுவே அகலமான பாதை விடுவார்கள். நாய் நேராக ஓடும். நாளுக்கு நாள், பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குவார்கள். கடைசியில் இரண்டு வரிசையும் ஒன்றாகும்போது, நாய் தானாகவே வளைந்து ஓடும்.

நாய் தவறு செய்தால் திட்டுவது, அடிப்பது கிடையாது. பந்து மட்டும் கிடைக்காது. மீண்டும் முதலிலிருந்து ஓட விடுவார்கள். திரும்பத் திரும்பத் தவறினால்? பாதையை மறுபடி அகலமாக்கி விடுவார்கள். நாய்க்கு அறிவு போதாது என்று அதற்குப் பொருளல்ல. பாடத்தை வேகமாக நடத்திவிட்டோம் என்றே பொருள். சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட ஆகும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். குட்டி நாயை இப்படி வளைத்து ஓட விடக் கூடாது. அதன் எலும்பும் மூட்டும் வளர்ந்து கொண்டிருக்கும். அளவுக்கு மீறினால், வாழ்நாள் முழுதும் துன்பம் தரும். அதனால்தான், எஃப்.சி.ஐ. என்ற அனைத்துலக அமைப்பு, 18 மாதம் நிரம்பாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் நன்கு வளர்ந்த நாய் இருக்கிறதா? பெரியவர்கள் துணையோடு, இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை நட்டுப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். வெயில் ஏறும் முன், ஐந்து நிமிடம் போதும். நாயின் வாலைக் கவனியுங்கள். அது மகிழ்ச்சியாக ஆடும் வரை விளையாடலாம். வால் தாழ்ந்துவிட்டதா? அன்றைய பாடம் முடிந்தது. தண்ணீர் வைத்து, தட்டிக் கொடுத்து அனுப்பி விடுங்கள். நாளைக்கு அதுவே உங்களைத் தேடி வரும்!