அடைத்த கதவுகளுக்குள் கைமாறிய பாடல்கள்

நாவல், சிறுகதை, கவிதை என்று பேசிவரும் இந்த நேரத்தில் இன்று சில பாடற்றொகுதிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமிருந்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'இன்டி ஃபோக்' தொகுதிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமாகிவிட்ட ஐந்து அவை. நான் இசை கற்றவன் அல்லன். சுரம் பிரித்து, தாளம் பிரித்து மதிப்பிடும் பயிற்சி எனக்கில்லை. பாட்டின் சொல்லை முதலிலும் குரலை அடுத்தும் கவனிக்கின்ற ஒரு ரசிகன், அவ்வளவுதான். ஆகவே இதனை விமர்சகனின் தீர்ப்பாகக் கொள்ளாமல், ரசிகன் ஒருவனின் தெரிவாகக் கொள்ளுங்கள்.

'இன்டி' என்பது சுயாதீனம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளைச் சாராது, சிறு நிறுவனங்கள் மூலமாகவோ கலைஞர் தாமாகவோ வெளியிடும் இசையை அது முதலில் குறித்தது. நாளடைவில் வெளியீட்டு முறையை மட்டுமன்றி, ஆரவாரம் குறைந்த ஒரு பாணியையும் குறிக்கலாயிற்று. 'ஃபோக்' என்பதை நாம் நாட்டார் பாடல் என்போம். சிக்கல் இங்குதான் எழுகிறது. நாட்டார் பாடல் என்றதும், ஆக்கியோன் பெயர் தெரியாமல், வயலிலும் தொட்டிலடியிலும் பலர் கூடும் இடங்களிலும் பிறந்து வாய்மொழியாக வழங்கிவரும் பாடலே நம் நினைவுக்கு வருகிறது. இன்டி ஃபோக் பாடல்களுக்கோ ஆசிரியர் பெயர் உண்டு; பதிப்புரிமை உண்டு. பெரும்பாலும் ஒருவர் தன்னந்தனியே கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு தம் சொந்தத் துயரைப் பாடுவதாகவே அவை அமைகின்றன. அப்படியானால் இவற்றை நாட்டார் இசை என்பது எவ்வகையில் பொருந்தும்?

இந்தக் கேள்வி எனக்குள் பல காலமாக இருந்தது. அதற்கு ஒரு விடை கிடைத்தது 2020இல்தான். அந்த ஆண்டு எப்படிப்பட்டதென்று நேயர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. மார்ச் 20ஆம் திகதி நம் நாடு முழுவதும் ஊரடங்குக்குள் சென்றது. திருவிழா இல்லை, கூட்டம் இல்லை, மரண வீட்டுக்குக்கூடப் போக முடியாத நாட்கள். உலகெங்கும் மண்டபங்கள் மூடப்பட்டன. பலர் கூடிப் பாடுவதிலிருந்து பிறந்த ஒரு கலை, கூடுவதே குற்றமாகிவிட்ட ஓர் ஆண்டில் என்ன ஆகும்? நான் சொல்லப்போகும் ஐந்து தொகுதிகளும் அதற்கு ஐந்து விதமாக விடை சொல்கின்றன.

முதலாவது, ஜனவரி 24ஆம் திகதி, அதாவது கதவுகள் அடைபடுவதற்குச் சற்று முன்னரே வெளிவந்தது. 'பொனி லைற் ஹோஸ்மன்' என்பது குழுவின் பெயர். தொகுதியின் பெயரும் அதுவே. அனைஸ் மிச்சல், எரிக் ஜோன்சன், ஜோஷ் கௌஃப்மன் என்ற மூவர் சேர்ந்த குழு இது. அனைஸ் மிச்சல் கிரேக்கத்து ஓர்ஃபியஸ் கதையை 'ஹேடிஸ்டவுன்' என்ற இசைநாடகமாக ஆக்கியவர். 2019இல் சிறந்த இசைநாடகத்துக்கான ரோனி விருதை அது பெற்றது. இம்மூவரும் பிரித்தானியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வழங்கிய பழம்பாடல்களை எடுத்து, சிலவற்றுக்குப் புதிய மெட்டும், சிலவற்றில் பழைய அடிகளுக்கிடையே புதிய அடிகளும் சேர்த்திருக்கிறார்கள். குழுவுக்குப் பெயர் தந்த பாடல், நெப்போலியனுடைய போர்களில் தன் காதலனான குதிரைவீரனை இழந்த ஒரு பெண்ணின் புலம்பல். அதை முதலில் பாடியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அனைஸ் மிச்சலின் மெல்லிய குரலில் அதைக் கேட்கும்போது போர் பழையதாகவும் இழவு புதியதாகவும் இருக்கிறது. போரில் பிள்ளைகளை இழந்த ஒரு நாட்டில் இருந்து இதைக் கேட்பவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது, இங்கிலாந்துப் பாடகி லோறா மார்லிங்கின் 'எங்கள் மகளுக்கான பாடல்'. ஆண்டின் பிற்பகுதியில் வெளிவர இருந்த இத்தொகுதியை, உலகம் வீட்டுக்குள் முடங்கிய நிலையில் இனியும் வைத்திருப்பதற்குக் காரணமில்லை என்று கருதி, ஏப்ரல் 10ஆம் திகதியே அவர் வெளியிட்டார். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மாயா ஆஞ்சலோ, 'என் மகளுக்குக் கடிதம்' என்றொரு நூலை 2008இல் எழுதினார். அவருக்கு இருந்தது ஒரே மகன், மகள் இல்லை. இல்லாத மகளுக்காக, அதாவது உலகத்துப் பெண்பிள்ளைகள் எல்லோருக்குமாக எழுதிய நூல் அது. அதனால் தூண்டப்பட்ட மார்லிங், அப்போது குழந்தை இல்லாத முப்பது வயதுப் பெண், கற்பனை மகள் ஒருத்திக்குத் தன் அனுபவத்தைச் சொல்வதாகப் பாடல்களை அமைத்தார். அறிவுரை என்றாலே கசக்கும். இங்கு கசக்கவில்லை, காரணம், சொல்பவள் தன் காயத்தை மறைக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டனில் உள்ள யூனியன் சப்பல் என்ற தேவாலயத்தில், கேட்போர் ஒருவருமில்லாத வெற்று வாங்குகளின் முன் நின்று அவர் பாடியது இணையத்தின் வழியே ஒளிபரப்பாயிற்று. இதன் தொடர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் அவருக்கு உண்மையாகவே ஒரு மகள் பிறந்தாள். 2024இல் வெளிவந்த அடுத்த தொகுதியை அவர் வீட்டிலேயே, குழந்தை அருகிலிருக்க ஒலிப்பதிவு செய்தார். பாட்டு முதலில் வந்தது. கேட்க வேண்டியவள் பிறகு வந்தாள்.

மூன்றாவது, கிலியன் வெல்ச், டேவிட் றோலிங்ஸ் இருவரும் ஜூலையில் வெளியிட்ட 'நல்ல காலமெல்லாம்'. 2020 மார்ச் 3ஆம் திகதி அதிகாலை நாஷ்வில் நகரைச் சூறாவளி தாக்கியது. இவர்களுடைய 'வூட்லண்ட்' ஒலிப்பதிவுக் கூடத்தின் கூரை பிய்ந்தது. பல்லாண்டு உழைப்பான ஒலிநாடாக்களை மழையில் நனையாமல் அந்த இருளில் இருவரும் மீட்டெடுத்தார்கள். சில நாட்களில் கொவிட் முடக்கம் வந்தது. கூடம் இல்லை, மேடையும் இல்லை. வீட்டில் ஒரு பழைய சுருள் நாடாப் பதிகருவியை வைத்துக்கொண்டு, தமக்குப் பிடித்த பத்துப் பாடல்களைப் பாடிப் பதிந்தார்கள். அவற்றுள் ஒன்றுகூட அவர்களுடைய சொந்தப் பாடல் அன்று. சில மரபுவழிப் பாடல்கள். சில பொப் டிலன் முதலானோருடையவை. ஒன்று, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் திகதி கொவிட்டினால் இறந்த ஜோன் பிறைனுடையது. முதுமையின் தனிமையைப் பற்றிய பாட்டு அது. முதியோர் தனிமையில் இறந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் அதைக் கேட்பது இலேசான காரியமாக இருக்கவில்லை.

இத்தொகுதியில் எலிஸபெத் கொற்றன் என்ற கறுப்பினப் பெண்ணின் பாடலும் ஒன்று உண்டு. அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடக்கை வழக்கமுள்ள அவர், வலக்கையாளருக்கான கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். இசையறிஞர்களான சீகர் குடும்பத்தின் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்த காலத்தில்தான் அவருடைய திறமை வெளியே தெரியவந்தது. அக்குடும்பத்து மைக் சீகர், கொற்றனின் வீட்டிலேயே அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்து 1958இல் வெளிவரச் செய்தார். ஆகவே வீட்டு ஒலிப்பதிவு என்பது ஃபோக் இசைக்குப் புதியதன்று. ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொற்றன் சிறுமியாக இருந்தபோது இயற்றிய 'சரக்கு ரயில்' என்ற பாடல் இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே வேறு இருவர் அதைத் தமது ஆக்கமென உரிமை கொண்டாடினர். 1957இல் அது பெரும் வெற்றி பெற்றது. கொற்றனின் உரிமை பின்னர்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாட்டு கைமாறுவது வேறு. பாட்டைக் கைப்பற்றுவது வேறு. ஆக்கியோன் பெயர் தெரியாமை நாட்டார் பாடலின் இயல்பு என்று நாம் எழுதிவிடுகிறோம். அந்தப் பெயர் மறந்துபோனதா, மறைக்கப்பட்டதா என்று சில வேளைகளில் கேட்கத்தான் வேண்டும். வெல்ச்சும் றோலிங்ஸும் பாடும்போது அந்தப் பெயர் உரிய இடத்தில் இருக்கிறது. 2021 மார்ச்சில் சிறந்த ஃபோக் தொகுதிக்கான கிராமி விருது இதற்கே கிடைத்தது. மேலே சொன்ன மார்லிங்கும் பொனி லைற் ஹோஸ்மனும் அதே விருதுக்கு முன்மொழியப்பட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது.

நான்காவது, ஃபிளீற் ஃபொக்ஸஸ் குழுவின் 'கரை'. இரவும் பகலும் சமமாகும் செப்டெம்பர் 22ஆம் திகதி, அந்தக் கணத்துக்கே பொருந்துமாறு இதனை வெளியிட்டார்கள். குழுவின் தலைவர் றொபின் பெக்னோல்ட். மெட்டுகள் முன்னரே இருந்தும் சொற்கள் வராமல் தவித்த அவர், அவ்வாண்டுக் கோடையில் நியூயோர்க் மாநிலத்துக் கிராமச் சாலைகளில் தனியே நெடுந்தூரம் கார் ஓட்டிச் சென்றபோதே வரிகளை எழுதினார். பதினைந்து பாடல்களைக் கொண்ட இத்தொகுதியைத் தொடங்கிவைக்கும் குரல் அவருடையதன்று. தம்முடைய பாடலொன்றைப் பாடி இணையத்தில் இட்டிருந்த உவாடே என்ற இளம் பாடகியைக் கண்டு, முதற்பாட்டை அவரிடமே ஒப்படைத்தார். அடுத்த பாடல், தமக்கு முன் பாடி மறைந்தோருக்கு அஞ்சலி. ஜோன் பிறைன், பில் விதர்ஸ், ஜூடி சில், எலியற் ஸ்மித் என்று பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார். ஒப்பாரியாக அன்று, வெயிலில் நீந்தப் போகிறவனின் உற்சாகத்தோடு. தொகுதியின் பிற்பகுதி சற்று நீண்டுவிடுகிறது என்பது என் கருத்து. எனினும் வரப்போகிற ஒருத்திக்கு முதற்குரலும், போய்விட்டவர்களுக்கு அடுத்த பாட்டும் கொடுத்துத் தம்மை இடையில் நிறுத்திக்கொண்ட அந்த அமைப்பு, ஒரு பாடகன் தன் இடத்தை அறிந்திருப்பதற்கு நல்ல சான்று.

ஐந்தாவது, ஏட்றியன் லெங்கரின் 'பாடல்கள்'. ஒக்டோபர் 23ஆம் திகதி 'வாத்திய இசை' என்ற இணைத்தொகுதியோடு வெளிவந்தது. 'பிக் தீஃப்' என்ற குழுவின் பாடகி இவர். அக்குழுவின் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் மார்ச்சில் இடைநடுவே நின்றது. காதல் முறிந்த துயரும் சேர்ந்திருந்தது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மேற்கே, ஓர் அறை மட்டுமே கொண்ட மரக் குடிலொன்றில் போய்த் தங்கினார். அந்த அறைக்குள் இருப்பது கித்தாரின் வயிற்றுக்குள் இருப்பதுபோல் ஒலித்தது என்று பின்னர் அவர் சொன்னார். அந்த ஒலியைப் பிடிக்க வேண்டுமென்றே பிலிப் வைன்றோப் என்ற ஒலிப்பதிவாளர் நாடாக் கருவிகளுடன் அங்கு வந்தார். கணினி எதுவுமின்றி, முற்றிலும் நாடாவிலேயே பதிந்தார்கள். பதினொரு பாடல்களில் ஒன்பது அங்கேயே இயற்றப்பட்டவை. பாட்டின் நடுவே பறவைகள் கத்துகின்றன, மழை பெய்கிறது, ஆசனம் கிரீச்சிடுகிறது. கலையகத்தில் பிழையெனக் கருதி நீக்கப்படுபவை எல்லாம் இங்கு பாட்டின் உறுப்புகள். ஐந்திலும் தனிமை மிகுந்தது இதுதான். ஆயினும் நான் அதிகம் கேட்டதும் இதுவே. தனித்திருந்த ஒருவர் மற்றொரு தனித்த அறைக்குத் தம் அறையையே அனுப்பிவைத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

அவ்வாண்டில் இப்பாணியைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசென்றது டெய்லர் ஸ்விஃப்ற்றின் 'நாட்டார் வழக்கு' என்று பொருள்படும் பெயருடைய தொகுதி. இன்டி வட்டத்தைச் சேர்ந்த ஆரன் டெஸ்னர் தம் வீட்டிலிருந்து இசையை அனுப்ப, அவர் தம் வீட்டிலிருந்து பாடினார். ஆண்டின் சிறந்த தொகுதிக்கான கிராமி விருதும் கிடைத்தது. நல்ல பாடல்கள் பல அதில் உண்டு. ஆனால் வெளியிட்டது பெரிய கம்பனி. பாணி மட்டும் 'இன்டி' என்பதால் அதை என் ஐந்தில் சேர்க்கவில்லை. என் தெரிவோடு நேயர்கள் மாறுபடலாம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஒருவர் பெயரோடு, ஒருவர் அறையில் பிறக்கும் பாடல் நாட்டார் பாடலாகுமா? பழம்பாடலைப் புதுக்கிய மூவர், பிறவாத மகளுக்குப் பாடியவர், பிறர் பாடலைப் பெயர் மறவாமல் பாடிய இருவர், முன்னோரை அழைத்து இளையவளுக்கு இடம்விட்டவர், தன் அறையின் மழையையும் சேர்த்து அனுப்பியவர் ஆகிய எல்லோரையும் இணைப்பது ஒன்றே. பாட்டு தம்மோடு முடிவதில்லை என்று அவர்கள் நம்பினார்கள். எங்கே பிறந்தது என்பதைக் கொண்டல்ல, யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைக் கொண்டே ஒரு பாட்டு நாட்டாருடையதாகிறது. கூட்டம் கூட முடியாத ஆண்டிலும் அது கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

சூறாவளியில் கூரை இழந்த வூட்லண்ட் கூடமும் திருத்தப்பட்டது. அதன் பெயரையே சூட்டி வெல்ச்சும் றோலிங்ஸும் 2024இல் ஒரு தொகுதி வெளியிட்டார்கள். இம்முறை பாடல்கள் அவர்களுடைய சொந்தப் பாடல்கள். அவற்றை இனி யார் வீட்டில் யார் பாடுவார்களோ!