சுவரில் ஒரு வயல்வெளி
இத்தாலியக் கலை நகரங்கள் – 7

ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். காலையில் வந்து, காம்போ சதுக்கத்தில் நாலு படம் எடுத்து, கறுப்பு வெள்ளைப் பளிங்குப் பேராலயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாலையில் ஃப்ளாரன்ஸுக்கே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் பார்த்தால் பாதி சியெனாதான் கண்ணில் படும். மீதிப் பாதி மதிலுக்கு வெளியே, களிமண் குன்றுகளில் கிடக்கிறது. இதை நான் சொல்லவில்லை. ஊரின் ஆட்சிமன்றச் சுவரே சொல்கிறது.

காம்போ, முறத்தைச் சாய்த்து வைத்ததுபோல ஆட்சிமன்ற அரண்மனையை நோக்கிச் சரிந்து இறங்கும் செங்கல் திடல். வெண்கல் வரிகள் அதை ஒன்பது பங்காகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை சியெனாவை ஆண்ட ஒன்பதின்மர் அவையின் கணக்கு அது. பெரும்பாலும் வணிகர்கள். பதவி இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் வீட்டை விட்டு அரண்மனையிலேயே தங்க வேண்டும். சொந்த வேலைக்கு வெளியே போக முடியாது. இந்தத் திடலில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்துக்குத் தனி அத்தியாயமே வேண்டும். இந்த வாரம் அரண்மனையின் மாடி ஏறிவிடுவோம்.

ஒன்பதின்மர் கூடிய அறையின் மூன்று சுவர்களிலும் அம்ப்ரோஜியோ லொரென்செட்டி 1338, 1339 ஆண்டுகளில் வரைந்த ஓவியங்கள். கிறிஸ்துவும் மரியாளும் புனிதர்களுமே பெரிய சுவர்களை ஆண்ட காலத்தில், நல்லாட்சி நடந்தால் ஊர் எப்படி இருக்கும், கொடுங்கோல் வந்தால் என்ன ஆகும் என்று வரையச் சொல்லியிருக்கிறார்கள். நல்லாட்சிச் சுவரில் செருப்புக் கடை நடக்கிறது. ஆசிரியர் பாடம் சொல்கிறார். சாரத்தில் ஏறிக் கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள். தெருவில் கைகோத்து ஆட்டம். சுவரின் நடுவே கோட்டை மதில், அதில் ஒரு வாயில். வாயிலுக்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய சுவரின் மறுபாதி முழுவதும், நாட்டுப்புறம்!

என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது அந்த வாயில்தான். உள்ளிருந்து பணக்காரர்கள் குதிரை மேல் வேட்டைக்குப் போகிறார்கள். எதிரே ஒரு குடியானவன் பன்றியை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் ஏறி வருகிறான். பன்றிக்குக் கரிய உடம்பு, முன்னங்கால்களையும் தோளையும் சுற்றி வெள்ளைப் பட்டை. கீழே கதிர் அறுக்கிறார்கள், தாளடிக்கிறார்கள். குன்றுச் சரிவில் திராட்சைக் கொடிகள். மேலே சிறகோடு மிதக்கும் ‘பாதுகாப்பு’ என்னும் பெண் ஒரு கையில் ஓலை பிடித்திருக்கிறாள்: அச்சமின்றி எல்லாரும் நடமாடலாம் என்ற உறுதி அதில் இருக்கிறது. இன்னொரு கையில் தூக்குமரம், ஆள் தொங்குகிறான். அழகான காட்சிக்குள் அதையும் மறைக்காமல் வைத்த நேர்மைக்காகவே லொரென்செட்டியைப் பெரிய ஓவியர் என்பேன். எதிர்ச்சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன். அவன் காலடியில் கட்டுண்ட நீதி. அந்த ஊரில் ஓயாமல் வேலை நடப்பது ஆயுதம் அடிக்கும் பட்டறையில்தான். வயல்கள் கரிந்து கிடக்கின்றன.

இவற்றை வரைந்த சில ஆண்டுகளிலேயே, 1348-இல், கொள்ளைநோய் வந்தது. ஊரில் பெருந்தொகையானோர் மாண்டார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு லொரென்செட்டியைப் பற்றியும் தகவல் இல்லை. அவரும் நோய்க்கே பலியானார் என்று கருதுகிறார்கள். பழைய பேராலயத்தையே குறுக்குக்கூடமாக்கி அதைவிடப் பெரிய ஆலயம் எழுப்ப 1339-இல் தொடங்கிய வேலையும் நின்றது. அதன் முன்சுவர் இன்றும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. உச்சிக்கு ஏறலாம். ஏறினால் ஒரு பக்கம் ஊரின் ஓட்டுக் கூரைகள், மதிலைத் தாண்டினால் அதே குன்றுகள்.

அந்தக் குன்றுகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தெற்கே கிரேத்தே செனேசி என்னும் களிமண் பூமி. கோடையில் அறுவடை முடிந்து பொன்னிறம், இலையுதிர்காலத்தில் உழுத மண் சாம்பல் நிறம், வசந்தத்தில் இளம்பச்சை. சைப்ரஸ் மரங்கள் வரிசையாக ஒரு பண்ணைவீடு வரை போய் நிற்கும். வழியில் ஒரு பண்ணையில், வேலிக்கு அப்பால், அந்த வெள்ளைப் பட்டைப் பன்றியை உயிரோடு பார்த்தேன். ‘சிந்தா செனேசே’ என்று பெயர். கடந்த நூற்றாண்டில் அழியும் தறுவாய்க்குப் போன இனம். பண்ணைக்காரர்கள் விடாமல் வளர்த்து மீட்டிருக்கிறார்கள்.

அசானோ ஊர் வரை சியெனாவிலிருந்து ரயில் உண்டு. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் மொந்தே ஒலிவேத்தோ மடாலயம். அதன் முற்றத்துத் தாழ்வாரத்தில் புனித பெனடிக்டின் வாழ்க்கையைச் சிஞோரெல்லியும் சோதொமாவும் சுவர் சுவராக வரைந்திருக்கிறார்கள். கார் எடுத்தால் சௌகரியம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், பேராலயத்தின் நேரத்தைக் குறைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்த வாரம் அரெட்சோ. பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவர்கள்.

(தொடரும்)