சீரங்கப்பட்டணப் பதக்கம், 1799

திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணக் கோட்டை 1799 மே 4 அன்று வீழ்ந்ததன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய இப்பதக்கத்தின் முன்பக்கத்தில், பிரித்தானியச் சிங்கம் திப்புவின் சின்னமான புலியைக் கீழே தள்ளி அதன்மேல் நிற்கிறது. சிங்கத்தின் பின்னே பறக்கும் கொடியிலோ, 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்னும் பொருளுடைய அரபுத் தொடர் காணப்படுகிறது. திப்புவே தம் பொருள்களில் பொறித்துவந்த தொடரை அவருக்கு எதிராகத் திருப்பியது கூர்மையான ஏளனம். பின்பக்கத்தில், தகர்ந்த மதிலை நோக்கிப் படை பாய்கிறது.

பெற்றவரின் தகுதியை உலோகமே காட்டிவிடும்: தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பின் வெள்ளி, வெண்கலம் என இறங்கி, சாதாரணச் சிப்பாய்க்கு எளிதில் தேயும் வெள்ளீயம் கிடைத்தது. பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் அடிக்கப்பட்டவை ஏறத்தாழ 48 மி.மீ. விட்டமும், கல்கத்தாவில் அடிக்கப்பட்டவை 45 மி.மீ. விட்டமும் உடையவை என்பதால், அளவுகோல் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டப் போதுமானது.

இவை பெயர் பொறிக்கப்படாமலும், தொங்கவிடுவதற்கான வளையம் இல்லாமலும் வழங்கப்பட்டன. பதக்கம் பெற்றவர்களே பின்னர் வளையத்தைப் பொருத்திக்கொண்டனர். எனவே விளிம்பில் பெயர் இருப்பின் அது பிற்காலத் தனியார் வேலைப்பாடு; அதை மட்டும் சான்றாகக் கொண்டு பதக்கத்துக்கு உரியவர் யாரென முடிவுசெய்தல் தகாது.