பீர் பாட்டிலில் ஊதிய காட்டு இசை

வானொலி அறிவிப்பாளர்களுக்கு நான்கு நிமிடப் பாடல்தான் உற்ற தோழன். விளம்பரம், செய்தி, சாலை நிலவரம் என எல்லாவற்றுக்கும் நடுவில் அதுதான் கச்சிதமாக உட்காரும். பாடகரே இல்லாமல் 15 நிமிடம் 41 விநாடி ஓடும் ஓர் இசையைப் போடப்போகிறேன் என்றால், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அதனால் 'கெமிலியன்' எனக்குக் காரில் கேட்கும் இசையாகவே இருக்கிறது. இரவுப் பணி முடிந்து கிளம்பினால், வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அது முடிந்திருக்காது. நானும் இறங்கமாட்டேன்.

ஹெர்பி ஹேன்காக் தன் குழுவினருடன் 1973 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பதிவு செய்து, அக்டோபரில் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்' இசைத்தட்டின் முதல் இசை அது. தட்டில் மொத்தமே நான்கு இசைகள்தான்.

மண்ணுக்கு இறங்கியவர்

ஹேன்காக் சிகாகோக்காரர். 11 வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு மொசார்ட் வாசித்தவர். கல்லூரியில் மின் பொறியியலும் படித்தார். 1963 முதல் சில ஆண்டுகள் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்தார். 70களின் தொடக்கத்தில் அவர் நடத்திய 'முவாண்டிஷி' குழுவின் இசை மிகவும் நுட்பமானது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால், குழுவை நடத்தப் பணம் போதவில்லை. கலைத்துவிட்டார்.

வானத்தில் மிதந்தது போதும், மண்ணில் கால் பதிக்கவேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு வந்தது. ஸ்லை ஸ்டோனின் ஃபங்க் இசை அவரை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. பழைய குழுவிலிருந்து சாக்ஸஃபோன் கலைஞர் பென்னி மாப்பினை மட்டும் வைத்துக்கொண்டார். பேஸ் கித்தாருக்குப் பால் ஜாக்சன், டிரம்ஸுக்கு ஹார்வி மேசன், மற்ற தாள வாத்தியங்களுக்குப் பில் சம்மர்ஸ் புதிதாக வந்தார்கள்.

ஃபங்க் என்றால் 'சக் சக்' என்று வெட்டும் ரிதம் கித்தார் இருக்கவேண்டும். ஹேன்காக் கித்தார் கலைஞரையே சேர்க்கவில்லை. அந்த வேலையைக் கிளாவினெட் என்ற கீபோர்டில் தானே செய்தார். 'கெமிலியன்' தொடங்கும்போது அடிவயிற்றில் வந்து மோதும் அந்த பேஸ் ஒலியும் அவர் ஆர்ப் ஒடிசி சிந்தசைசரில் வாசித்ததுதான்.

ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார், காசுக்கு விலைபோய்விட்டார் என்று கோபப்பட்டார்கள். மக்களோ வாங்கிக் குவித்தார்கள். 1986இல் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று கிடைத்தது. 2007இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இதைச் சேர்த்தது.

அந்தக் குழல் யாருடையது?

இரண்டாவது இசை 'வாட்டர்மெலன் மேன்'. சிறுவயதில் சிகாகோ சந்துகளில் தர்ப்பூசணி விற்கும் வண்டிக்காரரின் நினைவில், 1962இல் ஹேன்காக் எழுதிய பழைய மெட்டு. புதிய வடிவம் ஒரு விசித்திர ஒலியோடு தொடங்கும். பில் சம்மர்ஸ் காலி பீர் பாட்டிலின் வாயில் ஊதுகிறார்; ஒவ்வோர் ஊதலுக்கும் இடையில் குரல் கொடுக்கிறார்.

அது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பா-பென்செலே மக்கள், பப்பாளித் தண்டில் செய்த, ஒரே சுரம் தரும் சிறு குழலையும் தங்கள் குரலையும் மாற்றி மாற்றி இசைப்பார்கள். ஆய்வாளர்கள் பதிவு செய்து 1966இல் வெளிவந்த இசைத்தட்டில் அது இருந்தது. அதன் சாயல்தான் அந்த பாட்டில் ஊதல்.

காட்டு மக்களுக்கு என்ன கிடைத்தது? பின்னாளில் இசை ஆய்வாளர் ஸ்டீவன் ஃபெல்ட் இதைக் கேட்டபோது, இது சகோதரர்களுக்குள் உள்ள விஷயம் என்ற பொருளில் ஹேன்காக் பதில் சொன்னார். வெள்ளையர்கள் கறுப்பர்களின் இசையை எடுத்துப் பணம் பண்ணிய நாட்டில், அந்தப் பதிலின் வலி புரிகிறது. ஆனால், 1994இல் மடோனா தன் 'சாங்சுவரி' பாடலில் இந்த இசையை எடுத்தாண்டபோது, பாடலை எழுதியவர்கள் வரிசையில் ஹேன்காக் பெயர் வந்தது. பா-பென்செலே பெயர் வரவில்லை. சகோதரர்கள் என்றால் பங்கும் வேண்டாமா?

இத்தனைக்கும் 'கெமிலியன்' இசையில் ஹேன்காக், ஜாக்சன், மேசன், மாப்பின் நால்வரின் பெயரும் இசையமைப்பாளர்களாகப் போடப்பட்டிருக்கிறது. கூட வாசித்தவர்களுக்கு மரியாதை தரத் தெரிந்தவர்தான் அவர். காடு தொலைவில் இருந்தது. கேட்க யாரும் வரவில்லை.

ஒலிவாங்கி முன் உட்காரும் எனக்கும் இதில் பாடம் இருக்கிறது. பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் என்று மூன்று பெயர் சொல்லி அடுத்த பாடலுக்குத் தாவிவிடுகிறோம். நேயர்கள் முணுமுணுக்கும் அந்தப் புல்லாங்குழல் துணுக்கை வாசித்தவர் யார் என்று எத்தனை முறை தேடியிருப்போம்?

ஒரு மாலை, நல்ல ஹெட்போனோடு உட்கார்ந்து 'வாட்டர்மெலன் மேன்' போடுங்கள். ஆறரை நிமிடம்தான். அந்த பாட்டில் ஒலி வரும்போது, பெயர் சொல்லப்படாத ஒரு காட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.