எந்தக் கையால் வரைவாய்?

எங்கள் தலசீமியா பகல்நேரப் பிரிவில், குழந்தையின் கையில் வென்ஃப்ளான் குழாயைப் பொருத்துமுன் செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கையால் வரைவாய், கண்ணு?" என்பதாகும். வலக்கையால் வரையும் குழந்தைக்கு இடக்கையில் ஊசி. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு வலக்கையில். சில ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்வி எங்களிடம் இருக்கவில்லை. நரம்பு எந்தக் கையில் நன்கு புலப்படுகிறதோ அந்தக் கையில் குத்திவிட்டு, அடுத்த படுக்கைக்குச் சென்றுவிடுவோம்.

கடுமையான தலசீமியா உள்ள குழந்தையின் உடலால் தேவையான அளவு ஹீமோகுளோபினை உருவாக்க இயலாது. ஆகவே இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை என்று கொண்டாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 17 பகல்கள் மருத்துவமனையில் கழியும். ஒரு பை இரத்தத்தை 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்கு முன் பொருத்தம் பார்த்தல், காத்திருத்தல், பின்னர் மாத்திரை வாங்குதல் எனப் பொழுது சாய்ந்துவிடும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை வாய்க்கும் சிலரைத் தவிர, மற்றவர்க்கு இது வாழ்நாள் முழுதும் தொடரும் பயணம். காய்ச்சலுக்கு வந்து மூன்றே நாளில் வீடு திரும்பும் குழந்தைக்குத் தொலைக்காட்சி போதும். இக்குழந்தைகளுக்கு அது போதாது.

நகரத்துச் சேவைச் சங்கம் ஒன்று குழந்தைகளுக்கான கலை, இயற்கைப் பணிகளுக்குச் சிறு நிதி வழங்குவதாக ஒரு பெற்றோர் சொன்னார். விண்ணப்பத்தை நானே எழுதினேன், தவறும் என்னுடையதே. மேசைகள், வண்ணங்கள், தாள் கட்டுகள், சுவர்ப் பலகை எனப் பொருள்களையே பட்டியலிட்டேன். வாரம் இருமுறை வந்து குழந்தைகளோடு அமர்ந்து வரையும் ஓவிய ஆசிரியைக்கான மதிப்பூதியத்தை ஓர் ஆண்டுக்கு மட்டும், கடைசி வரியில், போனால் போகிறது என்பதுபோலச் சேர்த்திருந்தேன். நிதியும் கிடைத்தது. ஓர் ஆண்டு முடிந்தது. மேசைகள் இருந்தன, வண்ணங்கள் மீதமிருந்தன, ஆசிரியை வரவில்லை. பேருந்துக்குக் கைக்காசு செலவழித்து அவர் மேலும் இரண்டு மாதம் வந்தார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

அந்தக் காலத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி அடுத்தடுத்து இருமுறை தன் நாளைத் தவறவிட்டாள். மூன்றாம் முறை வந்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் 6-க்குக் கீழே இறங்கியிருந்தது. நாங்கள் 9-க்குக் குறையாமல் வைத்திருக்க முயல்கிறோம். ஓவிய வகுப்பு நின்றதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலம், தாய்க்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை, இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். ஆயினும் "அக்கா வரமாட்டாங்கன்னா நான் எதுக்கு வரணும்னு அழுதா, டாக்டர்" என்று அந்தத் தாய் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. வரைவதால் ஹீமோகுளோபின் ஏறாது. உடலில் தேங்கும் இரும்புச்சத்தும் வெளியேறாது. அதற்கு இரத்தமும் மாத்திரையும்தான் வழி. ஆனால் அவ்விரண்டும் பயன்தரக் குழந்தை மனமொப்பி வந்துசேர வேண்டும்.

ஊசி போடும் வேளையில் குழந்தையின் கவனத்தை வேறொன்றில் ஈடுபடுத்தினால் வலியும் அச்சமும் குறையும் என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. இயற்கையைப் பற்றி அனைவரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, ராஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் செய்யப்பட்டது. அதைக் கொண்டு பெரிய முடிவுகளுக்கு நான் தாவமாட்டேன். ஆனால் எங்கள் பிரிவின் சன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம் நிற்கிறது என்பதை அதைப் படித்த பிறகே கவனித்தேன்.

அம்மரமே இப்போது எங்கள் இயற்கை வகுப்பு. இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதன் இலை, பூ, காய் ஆகியவற்றைக் குறித்து வரும் 'சீசன்வாட்ச்' என்னும் திட்டம் உண்டு. எங்கள் குழந்தைகள் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வருகிறவர்கள். எனவே ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும்படி ஒரே குறிப்பேட்டை வைத்தோம். மாசியில் மரம் பழுப்பிலைகளை உதிர்க்கும். அடுத்து வரும் குழந்தை மரம் செத்துவிட்டதா என்று கேட்கும். அதற்கும் அடுத்து வருவது பளபளக்கும் இளம்பச்சைத் தளிரைக் காணும். வெயில் ஏறும்போது பூக்கள் உதிர்ந்து தரையில் கிடப்பதைச் சங்கப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதை அறியாத எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், "யாரோ பொரிய கொட்டிட்டாங்க" என்று ஏட்டில் எழுதிவைத்தான். அணில், காகம், மைனா ஆகியவற்றின் எண்ணிக்கையும் அதில் உண்டு; அதில் சற்றே மிகையும் உண்டு என்பது என் ஐயம்.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அடுத்த கூடத்தில் புற்றுநோய்க்கு மருந்து பெறும் குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். மண், தொட்டிச்செடி, பூங்கொத்து ஆகியவற்றில் உள்ள பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் அவர்களுக்கு ஆபத்தானவை. அன்பின் மிகுதியால் அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டாம். அக்குழந்தைகளுக்கு மரம் சன்னலுக்கு அப்பாலேயே இருக்கட்டும். வண்ணப்பெட்டியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். இரண்டாம் விண்ணப்பத்தில் வரிசையைத் தலைகீழாக்கினோம். ஆசிரியையின் மதிப்பூதியமும் பேருந்துச் செலவும் முதல் வரியில். தாளும் வண்ணமும் கடைசியில். ஒரே பக்கம்: எத்தனை குழந்தைகள், எந்தெந்த நாள்கள், யார் பொறுப்பு, பணம் நின்றால் என்ன செய்வோம். இந்தக் கடைசிக் கேள்வியை நாமே எழுப்பிக்கொள்வது நல்லது. நிதி தருவோர் பலருக்கும் பெயர் பொறித்த பொருள் வேண்டியிருக்கிறது; ஆசிரியையின் மேல் பெயர் பொறிக்க முடியாது. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைச் சிலர் கேட்டார்கள். ஓவியங்களை மட்டும் அனுப்பினோம். அதனால் ஒரு வாய்ப்பு கைநழுவியது. எனக்கு வருத்தமில்லை.

பெரிய நிறுவனங்களை நாடத்தான் வேண்டும் என்பதில்லை. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய 'ஆசம் ஃபவுண்டேஷன்' குழுவில் பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போட்டு, யாரேனும் ஒருவருடைய சிறு முயற்சிக்கு 1,000 டாலராக வழங்கினர். சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு இம்முறை புதிதன்று. ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் 5,000 ரூபாய். எங்கள் ஆசிரியையின் மாதச் செலவுக்கு அது போதும். பெற்றோர் சங்கமாகப் பதிவு செய்ய விரும்பினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். மருத்துவர், செவிலியர் உள்பட எந்தத் தனிநபரின் கணக்கிலும் பணம் செலுத்தாதீர்கள். ரசீது கேட்டுப் பெறுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது தவறாமல் வருகிறாள். மாத்திரையை மட்டும் இன்னும் ஒழுங்காக விழுங்குவதில்லை. அதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் நிதி வரும் பங்குனியோடு முடிகிறது. விண்ணப்பத்தின் நகல் செவிலியர் மேசையில், புங்கமரக் குறிப்பேட்டுக்கு அடியில் இருக்கிறது. இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்றோர் அதை எடுத்துப் படித்து, விடுபட்டவற்றை ஓரத்தில் எழுதிவைக்கலாம்.