இரண்டு காளைகளுக்குக் கைமாறியவர்

அமெரிக்கா என்றதும் வாஷிங்டன், ஜெபர்சன் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். மேத்யூ லயனை அறிந்தவர் குறைவு. ஆனால் தோட்டத்து மக்களாகிய நாம் அறியவேண்டியவர் அவர்தான்.

அயர்லாந்தில் பிறந்த லயன், 1764-ல் மீசை அரும்பும் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கப்பற்கூலிக்குப் பணமில்லை. அக்கரையில் யாராவது அதைக் கட்டினால், அவரிடம் சில ஆண்டுகள் உழைத்துக் கழிக்கவேண்டும். மலாயாவில் 1910-ல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறைக்கு இதை அண்ணன் முறை எனலாம். கனெக்டிகட்டில் அவரை எடுத்த வியாபாரி, பிறகு வேறொருவருக்குக் கைமாற்றினார். விலை, ஒரு ஜோடிக் காளை!

வேறொருவராயிருந்தால் இதை மறைத்திருப்பார். லயனோ, தம்மை மீட்ட அந்தக் காளைகளின் மீதே சத்தியம் செய்வாராம்.

விடுதலைப் போரில் லெப்டினன்ட் ஆனார். 1776-ல் எல்லைக் காவலில் இருந்த வீரர்கள் கலைந்து போனதால், அவருடைய பதவி பறிபோனது. மறு ஆண்டே படையில் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் வெர்மான்ட் மாநிலத்தில் மர ஆலை, காகித ஆலை நிறுவி, 1797-ல் பாராளுமன்றத்துக்கும் சென்றார்.

பழைய பழி மட்டும் விடவில்லை. 1798 ஜனவரியில் கிரிஸ்வோல்ட் என்ற உறுப்பினர் சபையிலேயே அதைச் சொல்லிக் குத்திக்காட்ட, லயன் அவர் முகத்தில் காறித் துப்பினார். (ஆசிரியன் என்ற முறையில் இதை நான் ஆதரிக்கமாட்டேன்!) பதினாறாம் நாள் கிரிஸ்வோல்ட் கைத்தடியால் விளாச, லயன் கணப்படுப்பின் இடுக்கியைத் தூக்கினார்.

அவ்வாண்டு ஜூலையில், அரசைப் பழித்து எழுதுவோரைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஆடம்ஸ் ஆடம்பரப் பிரியர் என்று லயன் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் குற்றமாயிற்று. அது சட்டம் வருமுன் எழுதிய கடிதம் என்பதைக் கவனியுங்கள். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். பனிக்காலம் நெருங்கும் வேளையில் அடைத்த அறையில், முதலில் கணப்பும் இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை.

சிறையில் இருக்கும்போதே தேர்தல் வந்தது. வெர்மான்ட் விவசாயிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்! அபராதத்துக்கு ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். 1801-ல் ஜெபர்சனா, பர்ரா என்று சபை 36 முறை வாக்கெடுத்தபோது, கடைசி முறையில் வெர்மான்டின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தவர் இந்த முன்னாள் கூலிதான்.

1822-ல் லயன் காலமானார். அந்த அபராதத்தை வட்டியோடு அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பித் தரப் பாராளுமன்றம் முடிவு செய்தது 1840-ல்.