ராமன் பெயரில் ஒரு தாடை

மனித குலம் பிறந்தது இந்தியாவில்தான் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. அதற்குச் சாட்சி, கை விரல் அளவே உள்ள ஒரு தாடைத் துண்டு!

1932-ல் இமாசலப் பிரதேசத்து ஹரித்தல்யாங்கரில் அமெரிக்க மாணவர் எட்வர்ட் லூயிஸுக்கு அது கிடைத்தது. ராமபிதிகஸ் என்று பெயர் சூட்டினார். தடித்த எனாமல் கொண்ட கடைவாய்ப் பற்கள், குட்டையான தாடை; மனித ஜாடைதான். 1961-ல் எல்வின் சைமன்ஸ் இதை நம் மூதாதை என்றே வாதாடினார். நம்மவர்களுக்குப் பெருமை கேட்க வேண்டுமா!

1967-ல் ரத்தப் புரதங்களை ஒப்பிட்ட இரு விஞ்ஞானிகள், மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றனர். தாடையின் வயதோ ஏறக்குறைய 90 லட்சம். 1982-ல் டேவிட் பில்பீம், பாகிஸ்தானில் கிடைத்த சிவபிதிகஸ் முகத்தை விவரித்தார். அச்சு அசலாக உராங்குட்டான் சாயல்! ராமபிதிகஸும் அந்த இனம்தான் என்று முடிவாயிற்று. ராமன் சிவனுக்குள் ஐக்கியமானான்.

தடித்த எனாமல் காட்டியது உறவை அல்ல, மெல்லும் உழைப்பை. 1959-ல் இன்றைய தான்சானியாவில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டுக்காரனோ நிஜமான பங்காளி. கடைவாய்ப் பற்களைப் பார்த்துக் 'கொட்டை உடைப்பான்' என்றார்கள். 2011-ல் பல்லைச் சோதித்தால், அந்த இனம் தின்றது பெரும்பாலும் புல்லும் கோரையும்! பெங்களூரில் நாம் மெல்லாமலே விழுங்கும் ராகியும் புல்லினம்தான். பாவம், அவனுக்கு மாவு மில் ஏது?